எரிச்சலுள்ள தெய்வமும் ஒற்றியூர்ச் சத்தியமும்

ராயபுரத்திலிருந்து கடலை ஒட்டி வடக்கே போகும் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசை ஓய்வதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி, திருவொற்றியூரைத் தொட்டு, எண்ணூர் வரை போகிறது அந்தச் சாலை. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை. மறுபக்கம் தொழிற்சாலைச் சுவர்கள், குப்பங்கள், கோயில்கள், தேவாலயங்கள். இதன் தென்முனையில் ராயபுரத்துச் சபைகளில் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்திலிருந்து பத்துக் கட்டளைகள் வாசிக்கப்படும்போது, கடவுள் தன்னை எரிச்சலுள்ள தேவன் என்று சொல்லிக்கொள்கிறார். வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி, திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலின் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. ஒரு மகிழ மரத்தடியில் செய்யப்பட்ட சத்தியத்தை நினைவுகூரும் விழா அது. அந்தச் சத்தியத்தை மீறியவர் கண்ணிழந்தார் என்கிறது பெரியபுராணம். இரண்டு இடத்திலும் கேட்பவர் மனத்தில் எழுவது ஒரே கேள்வி. மனிதரிடம் இருந்தால் கீழ்மை என்று நாம் ஒதுக்கும் ஒரு குணம், எந்தக் குறையும் இல்லாத கடவுளிடம் எப்படி இருக்க முடியும்?

பொறாமை என்று பொதுவாகச் சொல்லிவிடுவதற்குள் இரண்டு வேறு உணர்ச்சிகள் இருக்கின்றன. காசிமேட்டில் புதுப் படகைக் கடலில் இறக்கும் நாளில் பூசணிக்காய் உடைக்கிறார்கள், எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள். நல்ல மீன்பாடு கிடைத்த வீட்டில் சரக்கு எவ்வளவுக்கு ஏலம் போனது என்று தெருவில் வாய்விட்டுச் சொல்வதில்லை, கண்ணு பட்டுடும். அங்கே அஞ்சப்படுவது அயலாரின் வயிற்றெரிச்சல். தன்னிடம் இல்லாத ஒன்று பிறரிடம் இருப்பதைப் பொறுக்காத மனம் அது. தனக்கு அது கிடைக்க வேண்டும் என்றுகூட அந்த மனம் கேட்பதில்லை. அவனிடம் அது இருக்கக் கூடாது என்பதே அதற்குப் போதும். திருவள்ளுவர் அழுக்காறாமை என்று அறத்துப்பாலில் ஓர் அதிகாரம் முழுவதும் கண்டித்தது இதைத்தான். வைத்திருப்பவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர் என்று இந்த உணர்ச்சிக்கு இரண்டே பேர் போதும்.

இன்னொன்றுக்கு மூன்று பேர் வேண்டும். நான், எனக்கு உரியவர், இடையில் வந்த மூன்றாமவர். இது இல்லாமையில் பிறப்பதில்லை. எனக்கென்று தரப்பட்ட ஒன்று கைநழுவுகிறதே என்ற பதைப்பில் பிறக்கிறது. வள்ளுவர் இதை அழுக்காற்றோடு சேர்க்கவில்லை. காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களான புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை ஆகியவற்றில் வைத்தார். அதாவது தம் நூலையே ஊடலில் கொண்டுபோய் முடித்தார். புலவி நுணுக்கத்தில் கணவன் தும்மினால் மனைவி அழுகிறாள், யார் உன்னை நினைத்ததால் தும்மினாய் என்று. அவன் அடக்கிக்கொண்டால் அதற்கும் அழுகிறாள், யார் நினைப்பதை என்னிடம் மறைக்கிறாய் என்று. இத்தனைக்கும் அங்கே இன்னொரு பெண் இல்லவே இல்லை. சங்க மருதப் பாட்டுகளில் கணவன் போய்வரும் பரத்தையின் வீடு ஒன்று இருக்கும். வள்ளுவர் அந்த வீட்டைத் தம் காமத்துப்பாலிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்தபிறகு மிஞ்சும் ஊடல் இனிக்கிறது. குற்றமே நடக்காத இடத்தில் அது இனிப்பதில் வியப்பில்லை. குற்றம் உண்மையாகவே நடந்த இடத்தில் அந்த உணர்ச்சி என்ன ஆகிறது என்பதைப் பார்க்க நமக்கு ஒற்றியூர்ச் சத்தியத்தை மீறிய சிவனடியார் சுந்தரரின் கதை வேண்டும்.

கடவுளைப் பொறுத்தவரை முதல் வகைக்கு இடமே இல்லை. தன்னிடம் இல்லாத எதையும் அவர் பிறரிடம் பார்க்க முடியாது. இந்த அளவில் சைவரும் கிறித்தவரும் ஒத்துப்போவார்கள். இரண்டாவது வகைதான் சிக்கல். தனக்கு உரியவர் என்று கடவுள் ஒருவரைச் சொல்லத் தொடங்கிவிட்டால், அவரை இழப்பது பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடுகிறது.

சுந்தரர் வாழ்வில் அந்தப் பேச்சு கல்யாணப் பந்தலிலேயே தொடங்குகிறது. திருநாவலூரில் ஆதிசைவக் குடியில் பிறந்தவருக்குப் புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியார் மகளைப் பேசி, நாள் குறித்து, மாப்பிள்ளை வந்து அமர்ந்தாயிற்று. அந்த நேரத்தில் ஒரு கிழவர் உள்ளே நுழைந்து, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது, இவன் எனக்கு அடிமை என்று வழக்காடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. கிழவர் கோயிலுக்குள் புகுந்து மறைகிறார். கல்யாணம் நின்றதுதான் கதையின் பரபரப்பு என்றாலும், என்னை நிறுத்துவது அந்த ஓலை. தன் ஆளை இன்னொருவருக்கு விட மாட்டேன் என்று வந்த கடவுள், தன் ஆற்றலைக் காட்டி இழுத்துப்போகவில்லை. எழுத்தைக் காட்டினார், அவையின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார். உரிமை கோருகிற அன்பு தன் உரிமைக்குச் சான்று வைத்திருக்க வேண்டும் என்பது அங்கேயே நிலைநாட்டப்படுகிறது. அந்தப் புத்தூர்ப் பெண் இவரையே நினைத்திருந்து மேலுலகம் சேர்ந்தாள் என்று சொல்லிக் கதை அவளைக் கடந்துபோகிறது. சுந்தரர் கதையில் பெண்கள் கொடுக்கும் விலை எப்போதும் கொஞ்சம் அதிகம்தான்.

பிறகு திருவாரூரில் பரவையாரை மணக்கிறார். பல தலம் பாடி, தொண்டை நாட்டுக்கு வந்து, திருவொற்றியூரை அடைகிறார். அங்கே பூ மண்டபத்தில் திரைக்குப் பின்னால் மாலை கட்டிக்கொண்டிருந்தவர் சங்கிலியார். இன்றைய செங்குன்றத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவே உள்ள ஞாயிறு என்ற ஊரில் வேளாண் குடியில் பிறந்தவர். சிவனடியார் ஒருவருக்கே வாழ்க்கைப்படுவேன் என்றவர். வேறு இடத்தில் பேச முயன்றது விபரீதமாக முடிந்ததால், பெற்றோர் அவரை ஒற்றியூருக்கு அழைத்துவந்து கன்னிமாடம் அமைத்துக் கொடுத்திருந்தார்கள். சுந்தரர் அவரைக் கண்டார். இறைவனிடமே போய், எனக்கு அந்தப் பெண்ணைத் தர வேண்டும் என்றார்.

இறைவன் சங்கிலியாரின் கனவில் தோன்றி, என் தோழன் உன்னைக் கேட்கிறான், சம்மதிப்பாய் என்கிறார். சங்கிலியார் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறார்: அவர் திருவாரூரில் இன்னொருவரோடு மகிழ்ந்து வாழ்கிறவர், அதையும் எண்ணிப் பார்த்து அருள வேண்டும். பெரியபுராணத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் இது. கேட்பவர் கடவுள். பதில் சொல்பவர் ஒரு பூக்கட்டும் பெண். அவர் பரவையாரைப் பற்றிக் குறைசொல்லவில்லை, அவரை விட்டுவிடச் சொல்லவும் இல்லை. எனக்கு என்ன உறுதி என்று மட்டும் கேட்கிறார். பொறாமையின் மிகத் தூய வடிவம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இந்தக் கேள்வியைத்தான் காட்டுவேன். இறைவனும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. உன்னைப் பிரிய மாட்டேன் என்று அவனைச் சத்தியம் செய்துதரச் சொல்கிறேன் என்கிறார்.

அடுத்து நடப்பது விசித்திரமானது. சத்தியம் செய்ய வேண்டும் என்று கேட்ட சுந்தரர் திகைக்கிறார். பல தலங்களுக்குப் போய்ப் பாட வேண்டியவர் ஓர் ஊரிலேயே இருந்துவிட முடியாது. அதனால் இறைவனிடம் ஓர் உபாயம் சொல்கிறார். நான் சந்நிதியில் நின்று சத்தியம் செய்வேன். அந்த நேரம் நீர் அங்கே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடும். சாட்சி இல்லாத இடத்தில் செய்த சத்தியம் கட்டாது என்பது கணக்கு. இறைவன் அதற்கும் சரி என்கிறார். ஆனால் அன்றிரவே சங்கிலியார் கனவில் வந்து, நாளைக்கு அவன் சந்நிதியில் சத்தியம் செய்ய வந்தால் ஒப்புக்கொள்ளாதே, மகிழின் கீழ் செய்யச் சொல் என்று சொல்லிவிடுகிறார். காலையில் தோழியர் அதையே சொல்ல, சுந்தரர் மாட்டிக்கொள்கிறார். மரத்தை மூன்று முறை வலம்வந்து சத்தியம் செய்கிறார்.

இறைவன் தோழனுக்கும் சொன்ன சொல் தவறவில்லை, மரத்தடியில்தான் இருந்தார். அந்தப் பெண்ணுக்கும் சொன்ன சொல் தவறவில்லை. இதை இறைவனின் விளையாட்டு என்று சொல்லி நகர்ந்துவிடுவதை நான் ஏற்கவில்லை. மனிதன் தன் வாக்கு வெற்றாகிப் போகட்டும் என்று கடவுளை எந்த இடத்துக்கு அனுப்பினானோ, அந்த இடமே வாக்கு கொடுக்கும் இடமாகிவிடுகிறது. இந்தக் கடவுள் கண் வைத்துக் காப்பது தன் பெருமையை அன்று. தன் முன்னால் ஒருவருக்கு ஒருவர் கொடுத்த சொல்லை. தனக்காக எதையும் கேட்காமல், இருவரில் எவருக்கு உரிமை குறைவோ அவருக்குப் பிணையாக நின்றுவிடுகிறார்.

பெரியபுராணத்தின் ஆசிரியர் சேக்கிழார் குன்றத்தூர்க்காரர், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் பாடியவர். ஞாயிறும் ஒற்றியூரும் அவருடைய சொந்த மண்டலத்து ஊர்கள். இந்தக் கதை அந்த ஊரில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பங்குனி உத்திர விழாவில் திருமகிழின் கீழ் அமைந்த மண்டபத்தில் ஆளுடைய நம்பியின் புராணம் படிக்கப்பட்டதையும், கோயில் மடத்துச் சதுரானன பண்டிதர் உடனிருக்க அரசன் அங்கே அமர்ந்து கேட்டதையும் பதிந்துவைத்திருக்கிறது. ஆளுடைய நம்பி என்பது சுந்தரர்தான். சோழ மன்னர்கள் பல மணம் செய்தவர்கள். வாக்குத் தவறிய கணவனின் கதையை, அந்த வாக்கு தரப்பட்ட மரத்தின் கீழேயே உட்கார்ந்து அப்படிப்பட்ட ஒருவர் கேட்டிருக்கிறார்.

வசந்த காலம் வந்தது. தென்றல் வீசியது. திருவாரூர்த் திருவிழாவும் அங்கே பரவையார் பாடி ஆடுவதும் சுந்தரர் நினைவுக்கு வந்தன. அவர் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் இருண்டன. வெண்பாக்கத்தில் போய், உள்ளே இருக்கிறீரா என்று இறைவனைக் கேட்டபோது, ஊன்றுகோல் ஒன்று கொடுத்து, அறிமுகமில்லாதவருக்குச் சொல்வது போல இரண்டே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். தோழரோடு கடவுள் கொண்ட ஊடல் என்றுதான் அதை நான் படிக்கிறேன். கோலும் தருகிறார், முகமும் தரவில்லை. அந்தப் பழைய வெண்பாக்கம் இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது; கோயிலை வேறிடத்தில் எழுப்பியிருக்கிறார்கள். காஞ்சியில் இடக்கண் திரும்பியது. ஆரூரில் வலக்கண் திரும்பியது.

இந்தத் தண்டனையை எபிரேயரின் வேதத்தில் உள்ள ஒரு சட்டத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில், மனைவிமேல் எரிச்சல் கொண்ட கணவன் என்ன செய்யலாம் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. அவன் வாற்கோதுமை மாவைக் காணிக்கையாகக் கொண்டுவந்து மனைவியை ஆசாரியன் முன் நிறுத்துவான். ஆசாரியன் பரிசுத்த நீரில் கூடாரத் தரையின் புழுதியைக் கலப்பான். சாபங்களை எழுதி அந்த நீரில் கழுவிவிடுவான். அவள் ஆணையிட்டு அதைக் குடிக்க வேண்டும். குற்றமுள்ளவளானால் உடம்பு காட்டிக்கொடுக்கும். ஆணின் சந்தேகத்துக்கு அங்கே வழிமுறை இருக்கிறது. பெண்ணின் சந்தேகத்துக்கு இல்லை. ஒற்றியூரில் இது முழுக்கத் திருப்பிப்போடப்பட்டிருக்கிறது. ஐயம் பெண்ணுடையது, ஆணையிட வேண்டியவர் ஆண், வாக்கு தவறினால் அழிவதும் ஆணின் உடம்பு. தெய்வம் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறது. சைவர்கள் இதைப் போதிய அளவு உரக்கச் சொன்னதில்லை என்பது என் ஆதங்கம்.

எபிரேய வேதத்தைச் சட்டத்தோடு மட்டும் விட்டுவிடுவதும் நியாயமாகாது. கட்டளை சொல்லும் எரிச்சலுள்ள தேவன், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து ஒரு மக்களை வெளியே கொண்டுவந்து, அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகே அப்படிப் பேசுகிறார். வழியில் போகிற யாரோ ஒருவர் இன்னொரு தெய்வத்தைக் கும்பிட்டால் எழும் எரிச்சலைப் பற்றியது அந்தக் கட்டளை என்று படிப்பது தவறு. அந்த எரிச்சல் உடன்படிக்கைக்கு உட்பட்டவரைப் பற்றியது. ஓசியா தீர்க்கதரிசி இன்னும் தள்ளிப் போகிறார். சோரம்போகும் பெண் ஒருத்தியை மணந்து, அவள் போனபின் விலை கொடுத்து மீட்டுவருகிறார்; கைவிடப்பட்ட கணவனின் நெஞ்சே கடவுளின் நெஞ்சு என்று அந்த வாழ்க்கை சொல்கிறது. அங்கே எரிச்சலின் முடிவு அழிவாக இல்லை, திரும்பக் கூட்டிவருவதாக இருக்கிறது. ஓலையைக் காட்டிய திருவெண்ணெய்நல்லூர்க் கிழவரும் உடன்படிக்கையைக் காட்டிய சீனாய் மலைக் கடவுளும் ஒரே வகையில் பேசுகிறார்கள். நீ எனக்கு உரியவன். அதற்கு எழுத்து இருக்கிறது. நானும் அதற்குக் கட்டுப்பட்டவன். அப்படித் தன்னைக் கட்டிக்கொள்ளாமல் பிறரை மட்டும் கட்டிவைக்கும் எரிச்சலுக்கு, அது கணவனிடம் இருந்தாலும் கடவுள் பெயரால் வந்தாலும், வெறும் ஆதிக்கம் என்றுதான் பெயர்.

விருப்பு வெறுப்பு இல்லாதவர் எப்படித் தண்டிக்கிறார் என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தம் மறக்கருணை என்று விடை சொல்லும். அருள் இரண்டு வழியில் வருகிறது. தடவிக்கொடுத்து வருவது அறக்கருணை. அடித்து வருவது மறக்கருணை. தண்டனைக்குப் பின்னால் கோபம் இல்லை என்பதற்கு அடையாளம், அது எங்கே கொண்டுபோய்விடுகிறது என்பதில் இருக்கிறது. கண் போன சுந்தரர் ஒற்றியூர் எல்லையில் கிடந்து அழியவில்லை. ஊர் ஊராகத் தடவிக்கொண்டு போய்ப் பாடினார். மனிதரின் எரிச்சலையும் இதே அளவுகோலால் அளக்கலாம். எதிராளியைக் குருடாக்கிவிட்டு அதோடு முடிந்துபோகிறதா, கையில் ஒரு கோலாவது கொடுக்கிறதா?

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒன்று உறுத்துகிறது. கதை சுந்தரரோடு ஆரூருக்குப் போய்விடுகிறது. சங்கிலியார் ஒற்றியூரிலேயே நின்றுவிடுகிறார். பிணையாக நின்ற தெய்வம் வாக்கு மீறியவரைத் தண்டித்தது, ஆனால் வாக்கு நிறைவேறவில்லை. முடிவில் பரவையார் கமலினியாகவும் சங்கிலியார் அநிந்திதையாகவும் கயிலையில் அம்மையின் பணிக்குத் திரும்பினார்கள் என்று சேக்கிழார் சேர்த்துவைக்கிறார். அது மேலுலக ஏற்பாடு. மண்ணில் அவருக்கு நீதி முழுதாகக் கிடைக்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

ஒற்றியூரின் அதே கோயிலில் வட்டப்பாறை அம்மன் சந்நிதி இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகியே கோபம் தணியாமல் இங்கு வந்து அமர்ந்தாள் என்பது ஊர் வழக்கு. கண்ணகி மாதவியின் வீட்டு வாசலில் போய் நின்றவள் இல்லை. கணவன் திரும்பியபோது சிலம்பைக் கழற்றிக் கொடுத்தவள். சிலப்பதிகாரத்தில் எரிச்சல் பட்டது கோவலன். புகார்க் கடற்கரையில் மாதவி பாடிய கானல்வரியை வேறு ஒருவனை நினைத்துப் பாடியதாக எண்ணி எழுந்து போனான். மனைவிக்குக் கொடுத்த சொல்லை மீறியவனுக்கு ஒரு பாட்டைப் பொறுக்க முடியவில்லை. தன் வாக்கைக் காக்காதவர்களே அடுத்தவர் வாக்கைச் சந்தேகிப்பதில் முந்திக்கொள்கிறார்கள். இது பழைய காப்பியத்தோடு முடிந்துபோன செய்தி இல்லை. கண்ணகியின் தீ அரண்மனையின் அநீதியைச் சுட்டது, மாதவியைச் சுடவில்லை.

ஆரூரில் நிலைமை வேறு. ஒற்றியூரில் நடந்தது பரவையாருக்குத் தெரிந்துவிட்டது. சுந்தரரின் ஆட்கள் மாளிகைக்குள் நுழைய முடியவில்லை. உலக நடப்பு அறிந்த பெரியவர்கள் சமாதானம் பேசப் போனார்கள். இன்னும் பேசினால் உயிரை விட்டுவிடுவேன் என்று அனுப்பிவிட்டார். சுந்தரர் நள்ளிரவில் தம் தோழரை நினைத்தார். இறைவன் வந்தார். நீரே போய்ச் சொல்ல வேண்டும் என்றார் சுந்தரர்.

அகத்திணை மரபு தெரிந்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று திறந்துகொள்ளும். பரத்தையிடம் போய்வந்த தலைவன் நேரே வீட்டுக்குள் போக மாட்டான். தூது அனுப்புவான். அந்தத் தூதுவர்களை வாயில்கள் என்பார்கள். தோழி, பார்ப்பான், பாணன், விறலி என்று தொல்காப்பியம் பட்டியல் தருகிறது. தலைவி கதவடைத்து வாயில் மறுப்பாள். பாணன்தான் அவளிடம் அதிகம் ஏச்சு வாங்குபவன், பொய் சொல்லிப் பிழைப்பவன் என்று. சங்கப் பாட்டில் பாணன் நின்ற அந்த அவமானமான இடத்தில், சேக்கிழார் திருவாரூர்ப் பெருமானைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். முதல் முறை அருச்சகர் வேடத்தில் நடு இரவில் தெருவில் நடந்து போய்க் கதவைத் தட்டுகிறார். பரவையார் மறுத்துவிடுகிறார். வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். மறுபடி அனுப்புகிறார் சுந்தரர். இரண்டாம் முறை தம் சொந்த வடிவில், தேவரும் பூதகணங்களும் சூழப் போகிறார். அப்போதுதான் பரவையார் இசைகிறார்.

ஓலை காட்டி உரிமை கோரியவர், மகிழடியில் பிணையாக நின்றவர், இங்கே குற்றம் செய்தவன் சார்பில் ஒரு பெண்ணின் வாசலில் நின்று மறுப்பை வாங்கிக்கொள்கிறார். பரவையாரின் கோபத்தை அவர் அடக்க முயலவில்லை, பாவம் என்று கண்டிக்கவும் இல்லை. அது நியாயமானது என்று ஒப்புக்கொண்டவர்தான் இரண்டு முறை நடப்பார். ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தின்போது இதே நியாயம் விழாவாகவே நடக்கிறது. உறையூர்க் கமலவல்லியைப் பார்த்துவிட்டு வரும் நம்பெருமாளுக்குத் தாயார் சந்நிதிக் கதவு சாத்தப்படுகிறது, வாழைமட்டையடி விழுகிறது, நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்கிறார். தமிழ் மண்ணில் தெய்வத்தின் மனைவி பொறாமைப்படலாம், கதவை அடைக்கலாம், அதைப் பார்க்கக் கூட்டம் கூடும். வீட்டில் இருக்கும் மனைவிக்கு அந்த உரிமையை எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.

கடவுள் தெருவில் தூது நடந்த செய்தி திருப்பெருமங்கலத்துக்குப் போயிற்று. அங்கே ஏயர்கோன் கலிக்காமர் என்ற அடியார் கொதித்தார். ஒரு பெண்ணிடம் போய்ச் சொல்ல என் இறைவனை ஏவியவனா? அவனைக் கண்டால் என்ன ஆகுமோ என்றார். பொறாமையில் மூன்றாவது வகை ஒன்று உண்டு என்பதை இவர்தான் காட்டுகிறார். கடவுளுக்காக மனிதன் படும் எரிச்சல். அதில் தன்னலம் இல்லை என்று நம்புவது எளிது. அதனாலேயே அது மற்ற இரண்டையும்விட ஆபத்தானது. சொந்தப் பொறாமையில் இருப்பவனுக்கு எப்போதாவது வெட்கம் வரும். கடவுளின் மானத்தைக் காக்கப் புறப்பட்டவனுக்கு அது வருவதே இல்லை. கோயில் வாசல்களிலும் தேவாலய வாசல்களிலும் மசூதித் தெருக்களிலும் நம் காலத்தில் கல்லெடுத்தவர்கள் எல்லோரும் இந்த எரிச்சலோடுதான் வந்தார்கள்.

இறைவன் கலிக்காமரைப் பாராட்டவில்லை. சூலை நோயைக் கொடுத்தார். வன்தொண்டனான சுந்தரன் வந்தால் மட்டுமே தீரும் என்றார். அவன் தீர்த்து நான் பிழைப்பதைவிட நோயோடு இருப்பேன் என்றார் கலிக்காமர். சுந்தரர் வருகிறார் என்று கேட்டதும் தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்டு மாண்டார். அவர் மனைவி அழுகையை அடக்கி, வீட்டை அலங்கரித்து, விருந்தினரை வரவேற்றார். கலிக்காமர் எங்கே என்று சுந்தரர் விடாமல் கேட்க, உடலைக் காட்ட வேண்டியதாயிற்று. நானும் இவர் வழியே போகிறேன் என்று சுந்தரர் உடைவாளைப் பற்றினார். அந்தக் கணம் கலிக்காமர் உயிர்பெற்று எழுந்து அந்த வாளைப் பிடித்துக்கொண்டார். கடவுளை ஏவியவன் என்று தாம் வெறுத்தவர், தமக்காகச் சாகத் துணிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார். இருவரும் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து எழுந்தார்கள். சேர்ந்து திருப்புன்கூர் போய்க் கும்பிட்டார்கள். அங்கிருந்து சுந்தரரோடு கலிக்காமரும் திருவாரூருக்கு, தம் இறைவன் தூது நடந்த அதே தெருக்களுக்கு, நடந்து போனார்.